சேகரிப்புக் கார்ட் விளையாட்டு பழக வருபவர்களுக்கு: யாழ்ப்பாணத்தில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேஜிக், போகிமான், யூகியோ மாதிரி விளையாட்டுகளைப் பழக ஆசை, எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கேட்பவர்களில் கம்பஸ் பிள்ளைகளும் இருக்கிறார்கள், எட்டாம் வகுப்புப் பெடியனின் அம்மாவும் இருக்கிறா. பழகுவதற்கு வேண்டியதெல்லாம் இன்ரநெற்றில் கொட்டிக் கிடக்கிறது, அதில் முக்கால்வாசி உங்களுக்கு இப்போது தேவையில்லை. ஒரு விளையாட்டு, ஒரு செயலி, கூட விளையாட ஒரு ஆள், இந்த மூன்றும் கிடைத்தால் போதும் என்பதுதான் கீழே உள்ள பதில்கள் எல்லாவற்றுக்கும் அடிப்படை.

இது 304 மாதிரியான விளையாட்டா?

கொஞ்சம் மாதிரி, கனக்க வேறு. 304 சீட்டு விளையாடும் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு ஒரு நல்ல பழக்கம் ஏற்கனவே இருக்கும்: எந்தத் தாள் விழுந்துவிட்டது, எது இன்னும் வெளியே நிற்கிறது, எதிரி ஏன் இந்த நேரத்தில் துரும்பை இறக்கினான் என்று மனதுக்குள் கணக்குப் பார்த்துக்கொண்டே விளையாடுவது. ஜாக் தான் பெரிது, அடுத்தது ஒன்பது, அதற்குப் பிறகுதான் ஏஸ் என்ற வரிசையைச் சின்ன வயதிலேயே பாடமாக்கியவர்களுக்குப் புது விதிகளைக் கண்டு பயம் வரத் தேவையில்லை.

வேறுபாடு எங்கே என்றால், 304இல் எல்லாரும் ஒரே 32 தாளில் இருந்து பிரித்து எடுக்கிறோம். இங்கே ஆளாளுக்குச் சொந்தமாக ஒரு கட்டு. அதை டெக் என்பார்கள். ஆயிரக்கணக்கான கார்டுகளில் இருந்து நீங்களே தெரிந்தெடுத்துச் சேர்த்தது, ஒவ்வொரு கார்டிலும் அது என்ன செய்யும் என்று எழுதியிருக்கும். இந்த வகையைத் தொடக்கி வைத்தது மேஜிக்: த கேதரிங். 1993இல் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற கணிதக்காரர் உருவாக்கி, விசார்ட்ஸ் ஒஃப் த கோஸ்ட் என்ற அமெரிக்க நிறுவனம் வெளியிட்டது. ஜப்பானில் 1996இல் போகிமானும் 1999இல் கொனாமியின் யூகியோவும் வந்தன. இன்றைக்கும் உலகம் முழுக்க அதிகம் விளையாடப்படுபவற்றில் இந்த மூன்றும் இருக்கின்றன.

மூன்றில் எதை முதலில் பழகுவது?

உங்கள் கூட்டாளி எதை விளையாடுகிறாரோ அதை. இதை நான் சும்மா சொல்லவில்லை. எது சிறந்த விளையாட்டு என்று இன்ரநெற்றில் வாசித்துக்கொண்டிருந்தால் ஒரு வருசமும் போய்விடும், ஆனால் பக்கத்து ஒழுங்கையில் ஒருவர் யூகியோ விளையாடுகிறார் என்றால் உங்களுக்குச் சிறந்தது யூகியோதான்.

அப்படி யாரும் இல்லை, நீங்களும் தம்பியும் புதிதாகத் தொடங்குகிறீர்கள் என்றால் என் தெரிவு போகிமான். சரியாக 60 கார்ட், ஒரே பெயரில் அதிகம் 4 (தாக்குவதற்கு வேண்டிய அடிப்படை எனர்ஜி கார்டுக்கு அந்த எல்லை இல்லை). தொடங்கும்போது 7 கார்ட் கையில் எடுத்து, 6 கார்டைப் பரிசாக ஒதுக்கி வைப்பீர்கள். எதிரியின் போகிமானை வீழ்த்தும் ஒவ்வொரு தடவையும் உங்கள் பரிசில் இருந்து எடுப்பீர்கள், ஆறையும் முதலில் எடுப்பவர் வென்றார். ஒரு முறைக்கு ஒரு எனர்ஜிதான் பொருத்தலாம், தாக்கினால் அந்த முறை முடிந்துவிடும். எதிரியின் முறையில் நீங்கள் செய்ய வேண்டியது மிகக் குறைவு என்பதால் புதியவருக்குத் தலை சுற்றாது. பத்து வயதுப் பிள்ளையும் ஒரு பின்னேரத்தில் விளங்கிக்கொள்ளும்.

மேஜிக் ஆழமானது. குறைந்தது 60 கார்ட், 20 உயிர்ப் புள்ளி, ஐந்து நிறங்கள், ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு குணம். நீங்கள் ஒன்றைச் செய்யும்போதே எதிரி நடுவில் தன் கார்டால் மறுமொழி கொடுக்கலாம், கடைசியாகப் போட்டது முதலில் நடக்கும். அந்த ஒழுங்கு பிடிபடக் கொஞ்சக் காலம் எடுக்கும், பிடிபட்டால் விடமாட்டீர்கள். என் மனம் மேஜிக்கில்தான் என்பதை மறைக்கத் தேவையில்லை, இருந்தும் தனியாகத் தொடங்கும் ஒருவருக்கு முதல் விளையாட்டாக அதை நான் சொல்வதில்லை.

யூகியோவில் 40 முதல் 60 கார்ட், 8000 உயிர்ப் புள்ளி. போகிமானின் எனர்ஜி, மேஜிக்கின் நிலம் மாதிரி விலை கொடுப்பதற்கென்று தனிக் கார்ட் ஒன்றும் தேவையில்லை, அதனால் ஒரே முறையில் ஒருவர் பத்துப் பதினைந்து செயல்களைச் சங்கிலியாகச் செய்துவிடுவார். கார்ட்டூன் பார்த்துவிட்டு வருபவர்கள் இங்கேதான் திகைத்துப் போகிறார்கள். திரையில் பார்த்த வேகமும் இன்றைய மேசையின் வேகமும் ஒன்றல்ல.

காசு செலவழிக்காமல் பழக முடியுமா?

முடியும், அப்படித்தான் பழகவும் வேண்டும். மூன்றுக்கும் அதிகாரபூர்வச் செயலி இருக்கிறது, மூன்றும் இலவசமாகத் தொடங்கலாம்.

போகிமானுக்கு போகிமான் டிசிஜி லைவ். தொடக்கப் பயிற்சி உண்டு, ஆயத்த டெக்குகளும் தருவார்கள், மேசையில் விளையாடும் அதே 60 கார்ட் விதி. 2024 ஒக்ரோபரில் வந்த போகிமான் டிசிஜி பொக்கெட் வேறு: அதில் 20 கார்ட் டெக், மூன்று புள்ளி எடுத்தால் வெற்றி. பொழுதுபோக்க நல்லது, ஆனால் அதை மட்டும் விளையாடிவிட்டு மேசைக்கு வந்தால் பாதி விதி தெரியாமல் நிற்பீர்கள். இரண்டின் பெயரும் கிட்டக்கிட்ட இருப்பதால் மாறி இறக்கிவிடாதீர்கள்.

மேஜிக்குக்கு அரீனா. அதன் தொடக்கப் பயிற்சியும், அதற்குப் பிறகு ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாகப் பழக்கும் கலர் சலேஞ்ச் பகுதியும் நான் பார்த்தவற்றில் மிக நன்றாகச் செய்யப்பட்ட பாடம். அதைத் தாண்டிப் போக அவசரப்படாதீர்கள். யூகியோவுக்கு 2022இல் வந்த மாஸ்டர் டுவல், அதில் சோலோ என்ற பகுதியில் கணினியோடு தனியாக விளையாடிப் பழகலாம். டுவல் லிங்க்ஸ் என்று இன்னொன்றும் இருக்கிறது, அதில் சுருக்கிய விதிகள்.

செயலியில் ஒரு குறை உண்டு, அதைத் தெரிந்துகொண்டே பாவிக்க வேண்டும். விதியை எல்லாம் கணினியே பார்த்துக்கொள்ளும். எந்தக் கார்டை இப்போது போடலாம் என்று அதுவே ஒளிகாட்டும், நீங்கள் மறந்த விளைவை அதுவே நடத்தி வைக்கும். அதனால் செயலியில் வென்றுகொண்டிருப்பவர் மேசையில் உட்கார்ந்ததும் "இப்ப என்ன செய்யிறது?" என்று கேட்பார். இதற்கு மருந்து, செயலியில் பழகிய அதே டெக்கைத் தாளில் செய்து விளையாடுவது. ஏ4 தாளை வெட்டி, கார்டின் பெயரையும் அது செய்வதையும் பேனாவால் எழுதி, பழைய 304 கட்டுத் தாளோடு சேர்த்து, கார்டுக்குப் போடும் பிளாஸ்டிக் உறையில் சொருகினால் போதும். கம்பஸ் பக்கத்துப் போட்டோக்கொப்பிக் கடையில் அச்சடித்தாலும் சரி. சொந்தமாகப் பழக இப்படிச் செய்வதில் ஆட்சேபம் இல்லை என்று மேஜிக் நிறுவனமே 2016இல் சொல்லியிருக்கிறது. அதிகாரபூர்வப் போட்டிக்குக் கொண்டுபோகவோ, விற்கவோ கூடாது, அவ்வளவுதான்.

டேட்டா எவ்வளவு போகும்?

விளையாடும்போது அதிகம் இல்லை, இறக்கும்போதுதான். அரீனா, மாஸ்டர் டுவல் இரண்டும் சில ஜிபி வரும், புதுக் கார்ட் தொகுப்பு வரும்போது திரும்பவும் இறக்கும். வைஃபை உள்ள இடத்தில் இரவில் போட்டுவிடுங்கள். மூன்றுக்குமே தொடர்ந்து இணைப்பு வேண்டும், கரண்ட் போய் ரவுட்டர் நின்றால் ஆட்டமும் போச்சு. பழைய போன் என்றால் கணினியில் போடுவது நல்லது.

விதிப்புத்தகத்தை முழுக்க வாசிக்க வேண்டுமா?

போகிமான், யூகியோ இரண்டுக்கும் விதிப்புத்தகம் அவர்களின் அதிகாரபூர்வத் தளத்தில் பிடிஎஃப் ஆகக் கிடைக்கிறது. படங்களோடு இருக்கும், ஒரு இரவில் வாசித்து முடிக்கலாம், வாசியுங்கள்.

மேஜிக்கில் கவனம். அங்கே இரண்டு இருக்கின்றன: புதியவருக்கான சுருக்க விதிகள் ஒன்று, முழு விதித்தொகுப்பு இன்னொன்று. முழுத் தொகுப்பு 250 பக்கத்துக்கு மேல், சட்டப் புத்தகம் மாதிரி இலக்கமிட்டு எழுதப்பட்டது. அதைத் தொடக்கத்தில் இருந்து வாசிக்க உட்கார்ந்து, மூன்றாம் நாள் மேஜிக்கே வேண்டாம் என்று போனவர்கள் இருக்கிறார்கள். நடுவர்கள் பார்க்கவும், ஒரு சந்தேகம் வந்தால் அந்த இலக்கத்தை மட்டும் தேடவும்தான் அது. அதில் இருந்து இப்போதைக்கு ஒன்றே ஒன்று தெரிந்தால் போதும்: விதியும் கார்டும் முரண்பட்டால், கார்டில் எழுதியிருப்பதே செல்லும்.

என்னைக் கேட்டால் ஒழுங்கு இதுதான்: செயலியின் தொடக்கப் பயிற்சி, பிறகு சுருக்க விதி, பிறகு கையில் உள்ள கார்டுகளை இருவருமே திறந்து வைத்துக்கொண்டு ஒரு ஆட்டம். திறந்து வைத்து விளையாடும்போது "நீ இப்ப இதைப் போட்டா நான் இப்பிடித் தடுப்பன்" என்று கதைத்துக்கொண்டே போகலாம். அந்த ஒரு ஆட்டத்தில் விளங்குவது பல மணி நேரக் காணொளியிலும் விளங்காது.

எனக்கு ஆங்கிலம் பெரிதாக வராது. ஏலுமா?

ஏலும். கார்டுகள் தமிழில் அச்சாவதில்லை, செயலிகளும் தமிழில் இல்லை, அது உண்மை. ஆனால் கார்டில் உள்ள ஆங்கிலம் பேப்பரில் வரும் ஆங்கிலம் இல்லை. திரும்பத் திரும்ப வரும் சின்னச் சொற்கூட்டம் ஒன்றை வைத்துத்தான் ஆயிரக்கணக்கான கார்டுகளையும் எழுதியிருக்கிறார்கள், ஒரே வேலைக்கு எப்போதும் ஒரே வசனம். ஓஎல் ஆங்கிலம் திணறும் பிள்ளைகள் கார்டை மட்டும் தடையில்லாமல் வாசிப்பதைப் பார்த்திருக்கிறேன்.

சொல்லை விடக் குறியீட்டைப் பாருங்கள். மேஜிக் கார்டில் வசனத்தின் நடுவே முக்காற்புள்ளி இருந்தால், அதற்கு இடப்பக்கம் இருப்பது நீங்கள் கொடுக்க வேண்டிய விலை, வலப்பக்கம் இருப்பது கிடைப்பது. முக்காற்புள்ளி இல்லாமல் வென், வெனெவர், அட் என்று தொடங்கினால் அந்தச் சம்பவம் நடக்கும்போது அது தானாக நடக்கும், நீங்கள் விலை கொடுக்கத் தேவையில்லை. யூகியோவில் இது இன்னும் கறார்: 2011இல் இருந்து கார்ட் வசனங்களை ஒரு முறைப்படி எழுதுகிறார்கள், முக்காற்புள்ளிக்கு முன்னால் எப்போது பாவிக்கலாம் என்பது, அதற்கும் அரைப்புள்ளிக்கும் இடையில் உடனே கொடுக்க வேண்டிய விலை அல்லது குறிவைப்பது, அரைப்புள்ளிக்குப் பின்னால் நடக்கப் போவது. இந்த ஒரு ஒழுங்கு விளங்கினாலே யூகியோவில் வரும் பாதிச் சண்டைகள் தீர்ந்துவிடும். போகிமானில் இன்னும் இலகு, தாக்குதலின் இடப்பக்கம் எத்தனை எனர்ஜி வேண்டும் என்று சின்னங்களாக இருக்கும், வலப்பக்கம் எவ்வளவு சேதம் என்று இலக்கம் இருக்கும்.

அப்புறம் ஒரு கொப்பி போடுங்கள். உங்கள் டெக்கில் உள்ள கார்டுகளை மட்டும், ஒவ்வொன்றும் என்ன செய்யும் என்று உங்கள் பேச்சுத் தமிழில் ஒரு வரி. 60 கார்ட் டெக்கில் வெவ்வேறு கார்ட் இருபது சொச்சம்தான் இருக்கும். எதிரியின் கார்ட் விளங்காவிட்டால் வாங்கி வாசிப்பதில் வெட்கமே வேண்டாம், பெரிய போட்டிகளிலும் அப்படித்தான் செய்கிறார்கள்.

யூடியூபில் எதைப் பார்ப்பது?

முதலில் எதை விடுவது என்று சொல்கிறேன். கார்ட் பக்கற் உடைத்துக் காட்டும் காணொளிகளை விடுங்கள். பார்க்க ஆசையாக இருக்கும், அரிய கார்ட் வந்ததும் கத்துவார்கள், அதில் விளையாட்டுப் பாடம் ஒன்றும் இல்லை. வாங்கும் ஆசை மட்டும் ஏறும்.

அடுத்தது திகதி. இந்த விளையாட்டுகளின் விதி மாறிக்கொண்டே இருக்கும். யூகியோவில் முதலில் தொடங்குபவர் முதல் முறையில் கார்ட் இழுப்பதில்லை என்பது 2014இல் வந்தது. மேஜிக்கில் தொடக்கத்தில் கைக்கு வந்த கார்டுகள் சரியில்லை என்று மாற்றும் முறை 2019இல் மாறியது, இப்போது ஒவ்வொரு தடவையும் 7 கார்ட் இழுத்துவிட்டு, மாற்றிய தடவைக்கு ஒன்றாக டெக்கின் அடியில் வைக்க வேண்டும். போகிமானில் முதலில் தொடங்குபவர் தன் முதல் முறையில் சப்போர்ட்டர் என்ற உதவியாளர் கார்ட் போடக் கூடாது என்பது 2020இல் வந்தது. பழைய காணொளியைப் பார்த்துப் பழகிவிட்டு வந்தால் மேசையில் வாக்குவாதம்தான். கடந்த இரண்டொரு வருசத்துக்குள் வந்ததை மட்டும் பாருங்கள்.

மேஜிக்குக்கு டோலேரியன் கம்யூனிட்டி காலேஜ் என்ற அலைவரிசையை நம்பிப் பார்க்கலாம். புதியவருக்கான பாடங்களும் இருக்கின்றன, ஒரு பெட்டியை வாங்கலாமா வேண்டாமா என்று காரணத்தோடு சொல்லும் காணொளிகளும் இருக்கின்றன. பேச்சு விரைவாக இருந்தால் வேகத்தைக் குறைத்து, கீழே ஓடும் எழுத்தையும் போட்டுப் பாருங்கள்.

ஒரு முழு ஆட்டத்தைப் பார்க்கும்போது நான் சொல்லும் முறை இது: விளையாடுபவர் ஒரு முடிவு எடுப்பதற்கு முன்னால் நிறுத்துங்கள், நீங்கள் என்ன செய்வீர்கள் என்று யோசியுங்கள், பிறகு ஓட விடுங்கள். இரண்டும் ஒத்துப் போகாத இடத்தில் ஏன் என்று தேடுங்கள். அப்படி ஒரு ஆட்டம் பார்க்க இரண்டு மடங்கு நேரம் எடுக்கும், பரவாயில்லை.

டெக் எப்படிச் சேர்ப்பது? யாரோ செய்ததைப் பார்த்துச் செய்யலாமா?

பார்த்துச் செய்யுங்கள். சொந்தமாகச் செய்தால்தான் கெட்டித்தனம் என்று நினைத்துத் தொடக்கத்திலேயே தானாகச் சேர்த்தவர்கள், டெக் பிழையா, விளையாடியது பிழையா என்று தெரியாமல் தோற்றுக்கொண்டே இருப்பார்கள். வேலை செய்யும் டெக் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டால் பிழை உங்கள் விளையாட்டில்தான் என்று தெளிவாகும், அதைத் திருத்தலாம்.

போகிமானுக்கு லிமிட்லெஸ் என்ற தளத்தில் உண்மையான போட்டிகளில் வென்ற டெக்குகளின் முழுப் பட்டியல் இருக்கிறது. மேஜிக்குக்கு எம்டிஜி கோல்ட்ஃபிஷ். மேஜிக்கையே நூறு கார்டில் விளையாடும் கொமாண்டர் வகைக்கு ஈடிஎச் ரெக். மேஜிக்கின் தனிக் கார்டுகளைத் தேட ஸ்கிரைஃபால், அதைப் போல நல்ல தேடுபொறி வேறு எந்த விளையாட்டுக்கும் இல்லை என்பேன். யூகியோவுக்குக் கொனாமியின் அதிகாரபூர்வக் கார்ட் தரவுத்தளம், நியூரன் என்ற செயலியாகவும் இருக்கிறது.

பட்டியலைப் பார்க்கும்போது எண்ணிக்கையைக் கவனியுங்கள். சில கார்ட் 4 இருக்கும், சில ஒன்றுதான் இருக்கும். 60 கார்டில் ஒரு கார்டை 4 வைத்தால், முதல் 7 கார்டுக்குள் அதில் ஒன்றாவது வரும் வாய்ப்பு கிட்டத்தட்ட 40 வீதம். ஒன்று மட்டும் வைத்தால் 12 வீதத்துக்கும் குறைவு. அப்படியானால் எல்லாவற்றிலும் ஒவ்வொன்று வைத்த டெக் ஏன் ஒருநாளும் ஒரே மாதிரி ஓடாது என்பது விளங்கும். புதியவர்கள் செய்யும் டெக்கில் நான் காணும் முதல் பிழை எப்போதும் இதுதான், எல்லாக் கார்டும் ஆசையாக இருக்கிறது என்று ஒவ்வொன்று போட்டு வைப்பது.

யாழ்ப்பாணத்தில் யாரோடு விளையாடுவது?

பெரிய கழகம் ஒன்றைத் தேடி அலையாதீர்கள். ஒரு ஆள் போதும். ரியூசனில், கம்பஸில், வேலை செய்யும் இடத்தில், செஸ் விளையாடும் பெடியளிடம், 304 அடிக்கும் மாமாவிடம் கேட்டுப் பாருங்கள். செஸ்காரர்கள் மேஜிக்கை விரைவில் பிடிப்பார்கள். டெக் இரண்டையும் நீங்களே கொண்டுபோங்கள், வாங்கு என்று சொல்லாமல் "வந்து இருந்து ஒரு ஆட்டம் பார்" என்றால் கனபேர் இருப்பார்கள். வீட்டு விறாந்தையே போதுமான இடம், காற்றாடியை மட்டும் கொஞ்சம் குறைத்து வையுங்கள்.

மூன்று நிறுவனத்தின் தளத்திலும் கடைகளையும் போட்டிகளையும் தேடும் பக்கம் இருக்கிறது. கொழும்புக்குப் போகும் அலுவல் இருந்தால் அதற்கு முன்னால் ஒருக்கால் தேடிப் பாருங்கள்.

எங்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் மச்சான்மார் இல்லாத வீடு இங்கே குறைவு, அவர்களில் யாராவது ஒருவர் பள்ளிக்கூடத்தில் இதை விளையாடியிருப்பார். மேஜிக் என்றால் ஸ்பெல்டேபிள் என்ற இலவசத் தளத்தில் போன் கமராவை மேசையைப் பார்த்து வைத்து, உண்மையான கார்டுகளாலேயே விளையாடலாம், நாலு பேர் வரை. இங்கே சனிக்கிழமை இரவு எட்டு மணி என்றால் ரொறன்ரோவில் கோடையில் காலை பத்தரை, குளிர்காலத்தில் ஒன்பதரை. இரண்டு பக்கமும் வசதியான நேரம். புதிதாகப் பழகும் ஒருவருக்குத் தமிழில் பொறுமையாகச் சொல்லித்தர அந்த மச்சானை விட நல்ல ஆள் கிடையாது.

நல்லூர்த் திருவிழாவுக்கு சித்தி கனடாவில் இருந்து வருகிறா. என்ன கொண்டுவரச் சொல்ல?

பூஸ்டர் பக்கற் வேண்டாம். அதற்குள் என்ன இருக்கும் என்று தெரியாது, பத்துப் பக்கற் உடைத்தாலும் விளையாடக்கூடிய டெக் ஒன்று சேராது. இருவர் விளையாட ஆயத்தமாக வரும் பெட்டியைச் சொல்லுங்கள், பெயரை எழுதியே அனுப்புங்கள், கடைக்காரர் வேறொன்றைத் தலையில் கட்டக்கூடும். போகிமானில் பாட்டில் அகடமி: மூன்று 60 கார்ட் டெக்கும் விளையாட்டுப் பலகையும் வரும். மேஜிக்கில் ஸ்டார்ட்டர் கிட் என்றால் இரண்டு டெக், அல்லது 2024இல் வந்த ஃபவுண்டேஷன்ஸ் பிகினர் பொக்ஸ். இரண்டில் பின்னையது பழகுவதற்கு நல்லது, அதில் இருபது கார்ட் கொண்ட சின்னக் கட்டுகள் பத்து இருக்கும், எந்த இரண்டையும் சேர்த்துக் கலைத்தால் ஒரு டெக். யூகியோவில் டூ பிளேயர் ஸ்டார்ட்டர் செட்.

கூடவே உறை. இங்கத்தைய புழுக்கத்தில் மினுங்கும் கார்டுகள் வளையும், கையில் வியர்வை பட்டால் ஓரம் நைந்துபோகும். அளவு முக்கியம்: மேஜிக், போகிமான் கார்ட் 63க்கு 88 மில்லிமீற்றர், யூகியோ கார்ட் 59க்கு 86. மாறி வாங்கினால் யூகியோ கார்ட் பெரிய உறைக்குள் ஆடிக்கொண்டிருக்கும்.

கடைகளில் தங்க நிறத்தில் மலிவாக விற்கும் போகிமான் கார்ட் வாங்கலாமா?

விளையாடுவதற்கு வேண்டாம். பிளாஸ்டிக்கில் மினுங்க மினுங்க, கட்டாக மலிவு விலைக்கு வருபவை போலி. பின்பக்க நிறமும் எழுத்தின் பருமனும் உண்மைக் கார்டோடு ஒத்துப்போகாது, எழுத்துப் பிழை இருக்கும், சிலவற்றில் உயிர்ப் புள்ளி நம்ப முடியாத இலக்கத்தில் இருக்கும். சின்னப் பிள்ளை படம் பார்க்க வைத்திருப்பதில் கெடுதி இல்லை, ஆனால் "இது பெறுமதியானது" என்று சொல்லி யாராவது விற்க வந்தாலோ மாற்றக் கேட்டாலோ, காசோ உங்கள் கார்டோ கொடுக்காதீர்கள்.

என் மகன் கேட்கிறான். படிப்புக் கெடாதா, காசு போகாதா?

காசு பற்றிய பயம் நியாயமானது. செயலியில் வாங்குவதைப் போனின் அமைப்பிலேயே பூட்டி வையுங்கள், வங்கி அட்டையை அதில் சேமிக்காதீர்கள். பக்கற் உடைப்பதில் அதிர்ஷ்டச் சீட்டு இழுவையின் இழுப்பு இருக்கிறது, அதைப் பிள்ளைக்கு நேராகச் சொல்லுங்கள். போகிமான் பெட்டியில் 6 வயது, மேஜிக்கில் 13 வயது என்று போட்டிருப்பதையும் பாருங்கள்.

படிப்பு பற்றி, நேரத்துக்கு ஒரு எல்லை போட்டால் போதும் என்பது என் எண்ணம். வாசித்து விளங்கிக்கொள்வதும் மனக்கணக்கும் இல்லாமல் இதை ஒரு ஆட்டம் கூட விளையாட முடியாது. முடிந்தால் நீங்களும் ஒரு டெக்கை எடுத்து முன்னால் இருங்கள். மகன் உங்களுக்கு விதி சொல்லித்தரும்போது அவனுக்கு எவ்வளவு விளங்கியிருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.

ஆட்டத்தின் நடுவில் விதியில் சண்டை வந்தால்?

முதலில் கார்டைச் சத்தமாக, முதல் சொல்லில் இருந்து வாசியுங்கள். பாதிச் சண்டை அங்கேயே முடியும். முடியாவிட்டால் மேஜிக்குக்கு ஸ்கிரைஃபாலில் அந்தக் கார்டின் பக்கத்தில் கீழே விளக்கக் குறிப்புகள் இருக்கும், பாருங்கள். இணைப்பு இல்லையென்றால் இருவரும் ஒத்துக்கொண்டு ஒரு முடிவோடு ஆட்டத்தைத் தொடருங்கள், கேள்வியைக் கொப்பியில் எழுதி வைத்து வீட்டுக்குப் போய்த் தேடுங்கள். அப்படித் தேடிக் கண்டுபிடித்த விதி மறக்காது.

விதி எல்லாம் தெரியும், ஆனால் தோற்றுக்கொண்டே இருக்கிறேன்.

இங்கேதான் வாசிப்பு உதவும். மேஜிக்கின் அதிகாரபூர்வத் தளத்தில் ரீட் டியூக் என்ற தேர்ந்த விளையாட்டுக்காரர் எழுதிய லெவல் வன் என்ற இலவசக் கட்டுரைத் தொடர் இருக்கிறது. எந்தக் கையை வைத்துக்கொள்வது, எதை மாற்றுவது, எதிரியை விட அதிகக் கார்ட் வைத்திருப்பது ஏன் பலம், ஒரு முறையை வீணாக்கினால் என்ன நட்டம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லித்தருவார். உதாரணக் கார்டுகள் பழையவை, பாடம் பழையதாகவில்லை. போகிமான் விளையாடுபவரும் வாசிக்கலாம்.

1999இல் மைக் ஃபுளோரஸ் என்ற மேஜிக் எழுத்தாளர் எழுதிய ஒரு கட்டுரையின் கருத்தையும் சொல்லாமல் விட மனமில்லை, ஏனென்றால் இது விளங்கிய நாளில் இருந்து ஒருவரின் விளையாட்டே மாறிவிடுகிறது. எந்த ஆட்டத்திலும் இருவரில் ஒருவர் அடிப்பவர், மற்றவர் தாக்குப்பிடிப்பவர். ஆட்டம் நீண்டால் யாருக்கு லாபம் என்று பார்த்தால் நீங்கள் எவர் என்று தெரியும். தாக்குப்பிடிக்க வேண்டியவர் அடிக்கப் போனாலும் தோல்வி, அடிக்க வேண்டியவர் பயந்து காத்திருந்தாலும் தோல்வி. அடுத்த ஆட்டத்தில் முதல் கையை எடுத்ததும் இதில் நான் யார் என்று கேட்டுப் பாருங்கள். நடுவில் அது மாறவும் செய்யும்.

மற்றபடி, தோற்றதும் டெக்கை முழுக்க மாற்றாதீர்கள். ஒரு தடவைக்கு ஒன்று இரண்டு கார்ட் மட்டும் மாற்றிச் சில ஆட்டம் பாருங்கள், இல்லாவிட்டால் எது உதவியது என்று தெரியாமல் போகும்.

வீட்டில் அண்ணாவின் பழைய கார்ட் டப்பா ஒன்று கிடக்கிறது. அதை வைத்துத் தொடங்கலாமா?

தாராளமாக. இன்றைய போட்டிகளில் சில வகைகளுக்குப் பழைய கார்ட் செல்லாது, மேஜிக்கிலும் போகிமானிலும் ஸ்டாண்டர்ட் என்ற போட்டி வகையில் பழைய தொகுப்புகளைக் காலத்துக்குக் காலம் வெளியே எடுத்துக்கொண்டே இருப்பார்கள். யூகியோவில் அப்படி இல்லை, தடைப் பட்டியல் மட்டும்தான். விறாந்தையில் விளையாட இதெல்லாம் தேவையில்லை. கார்டுகளை நிறம் நிறமாக, வகை வகையாகப் பிரியுங்கள், இரண்டு டெக் அளவுக்கு வருகிறதா என்று பாருங்கள், குறைந்தால் எழுதிய தாளால் நிரப்புங்கள். பெறுமதியான கார்ட் இருக்கலாம் என்று தோன்றினால் உறையில் போட்டு ஒதுக்கி வைத்துவிட்டு மற்றவற்றால் விளையாடுங்கள், அண்ணாவிடம் ஒரு சொல் கேட்டுவிட்டு.